கதவில் ஒட்டிய பெயர்கள்

மார்ச்சு 3, செவ்வாய்

அவையோரே! பாருங்கள், எனக்கு நானே எழுதும் ஏட்டிலும் என் கை அவையைத்தான் அழைக்கிறது. அவை ஏதும் இல்லை. அறையில் நானும், மடிக்காத துணிக்குவியலும், சுவருக்கு அப்பால் இருமும் அண்டைவீட்டுக்காரரும் மட்டுமே. ஆயினும் முறையீடு ஒன்று உண்டு. அதை எவர்முன்னும் வைக்கத் துணிவில்லாமையால் இங்கே வைக்கிறேன்: இன்று பிற்பகல், மாணவர் பேரவைக் கூடத்தில், இருநூறு பேர் முன்னிலையில், பதினொரு நொடி நான் இல்லாமற்போனேன்.

விடுதிக் குடிநீர் பற்றிய உரை. "இக்குழாயில் வருவது நீரா, அன்றி" என்ற இடம்வரை நினைவிருக்கிறது. அதற்கடுத்து இரப்பர் எரிவது போன்ற நாற்றம். அதற்கடுத்துக் கைதட்டல். இடையில் ஒன்றுமே இல்லை, இருள்கூட இல்லை. இருளென்றால் இருளைக் கண்டேன் என்றாவது சொல்லலாம்.

கீழே இறங்கியதும் பேரவைச் செயலர் ஓடிவந்து, என் பட்டப்பெயரைச் சொல்லித் தோளைத் தட்டினான். "ஒலிபெருக்கி! அந்த நிறுத்தம் இருக்கே... பதினோரு செகண்டு! வாட்ச்ல பாத்தேன். ஒருத்தன் மூச்சு விடல. எங்கேருந்து பிடிச்ச இத?"

"பயிற்சி" என்றேன்.

மூன்றாண்டுகளாக என்னோடு மேடை ஏறுபவன். அவனுக்கே தெரியவில்லை. என் இடக்கை அவ்வளவு நேரமும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறது. பொத்தான் நூலில் தொங்குகிறது. திருகியவள் யார்?

இது மூன்றாம் முறை.

மார்ச்சு 4, புதன்

காலை உணவின்போது அக்கா என் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினாள்.

"காது அடைச்சிருக்கா? மூணு தடவை கூப்பிட்டேன். கரண்டிய வாய்க்கும் தட்டுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு சுவத்தையே பாக்குற. அங்க என்ன, அடுத்த கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி ஒட்டியிருக்கா?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தன நாளா?"

"எது?"

"எதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மருந்துக்கடையில ஏழு வருசமா நிக்கறவ நான். சீட்டைப் பாத்தே வீட்டுல யாருக்கு என்னன்னு சொல்லிடுவேன். கூடப் பிறந்தவளப் பாத்துச் சொல்ல மாட்டேனா? திங்கக்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட போறோம். மேடைப் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்."

மார்ச்சு 5, வியாழன்

இன்று ஒன்றும் நிகழவில்லை. நிகழ்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச்சு 9, திங்கள்

தலையெங்கும் பசை தடவி இருபத்தொரு கம்பிகளை ஒட்டினார்கள். கண்ணருகே விளக்கு மின்னிற்று. தாளில் கோடுகள் ஓடின. ஓரிடத்தில் கோடுகள் கட்டுக்குலைந்து குதித்தன. மருத்துவர் அவ்விடத்தை எழுதுகோலின் முனையால் தொட்டுக் காட்டினார்.

"வலிப்புன்னா கீழ விழுந்து கைகால் வெட்டி இழுக்கறது மட்டும் இல்லம்மா. இப்படி நின்னபடியே வந்துட்டுப் போறதும் வலிப்புதான். பயப்படாதீங்க. மாத்திரை இருக்கு. பழகிக் கட்டுக்குள்ள வர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும்."

"மேடை ஏறலாமா?"

"தாராளமா. தனியா நீச்சல் வேணாம். குளிக்கிறப்ப உள்தாழ்ப்பாள் வேணாம். ராத்திரி முழிக்கிறது அறவே கூடாது. காலேஜுக்கு ஒரு லெட்டர் தரேன். அங்க மாணவர் துணை அலுவலகம்னு ஒண்ணு இருக்குமே, குடுத்தா பரீட்சையில ஏற்பாடு செஞ்சு குடுப்பாங்க."

ஆறு வாரம், எட்டு வாரம். ஏப்பிரல் ஒன்பதாம் நாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. சட்டத்துறையில் அதுவே தலைத்தேர்வு. மூன்று தேர்வாளர்முன் பன்னிரண்டு மணித்துளி இடைவிடாது வழக்குரைக்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் பேச்சு நின்றால் ஒரு குறி. இரண்டு குறி விழுந்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். இன்றிலிருந்து ஒன்பதாம் நாள்வரை எண்ணினேன். முப்பத்தொரு நாள். ஆறு வாரம் எங்கே, முப்பத்தொரு நாள் எங்கே!

மடலைப் பையின் அடியில், நூல்களுக்குக் கீழே வைத்திருக்கிறேன். துணை அலுவலகத்திற்கு நான் போக முடியாது. போக முடியாதபடி கதவடைத்தவள் யாரென்று நாளை எழுதுகிறேன். இன்று இயலாது.

மார்ச்சு 10, செவ்வாய்

எழுதுவேன் என்றேன். எழுதவில்லை. அதற்குள் வேறொன்று.

மாலை வீடு திரும்பினால் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாள் இல்லை. நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அப்பா மின்தூக்கி பழுதுபார்ப்பவர். திருப்புளி அவர் சட்டைப்பையில் பிறந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, சொல்லவில்லை. கழற்றிய தாழ்ப்பாளுக்கு ஈடாக ஓர் அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் "ஆள் உள்ளே. பாடினாலும் வராதீர்" என்று தம் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச்சு 11, புதன்

வகுப்புக் கதவில் ஒட்டியிருக்கும் தாளை இன்று முதன்முறையாக நின்று படித்தேன். ஆறு மாதமாக நாள்தோறும் அதைத் தாண்டித்தான் நுழைகிறேன். படித்ததே இல்லை. எழுதச் செய்தவளே நான் அல்லவா! பிறகு ஏன் படிக்கப் போகிறேன்?

"வகுப்பொழுங்கு நெறிகள். ஏழாம் நெறி: சிறப்பு ஏற்பாடு பெறும் மாணவரின் பெயரும் ஏற்பாட்டின் தன்மையும் வகுப்பின் வாயிலில் அனைவரும் காண ஒட்டப்படும்."

சென்ற செப்தம்பரில் நான் கொண்டுவந்த முன்மொழிவு. சிலர் பொய்ச்சான்று வாங்கி வந்து தேர்வில் கூடுதல் நேரம் பெறுகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. ஒருவரையும் எவரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன? எனக்கு மேடை போதும். "வெளிச்சத்தில் நிற்பவனுக்கு நிழலைக் கண்டு அச்சம் ஏன்?" என்றேன். "ஒளிக்க ஒன்றுமில்லையேல் ஒட்டுவதில் என்ன இழுக்கு?" என்றேன். கூடம் அதிர்ந்தது. ஆதரித்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். எதிர்த்து ஒன்பது பேர்.

அவ்வொன்பதில் ஒருவன் எழுந்தான். குரல் எழும்பவில்லை. "என் பேரு கதவுல வேணாமே" என்று மட்டும் சொன்னான். நான் ஒலிவாங்கியை அவன் பக்கம் நீட்டி, "இன்னும் உரக்கச் சொல்லுங்கள் தோழரே, அவை கேட்கட்டும்" என்றேன். சிரிப்பலை எழுந்தது. அவன் அமர்ந்துவிட்டான்.

தாளில் இப்போது மூன்று பெயர்கள். மூன்றாவது அவனுடையது. எதிரே: "இசைவு கேளாமல் வகுப்பிலிருந்து வெளியேறலாம்."

என்ன நோயென்று எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை. அடிக்கடி வெளியேறுபவன் எங்கே போகிறான் என்று நாற்பது பேருக்கும் தெரியும். அவனுக்கு "உத்தரவு" என்று பெயர் வைத்தார்கள். அவன் எழுந்தாலே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உத்தரவு வாங்கிட்டாருப்பா, வழி விடுங்க!" இன்னொரு குரல், "தலைவரே, வர்றப்ப கை கழுவிட்டு வாங்க!"

நானும் சிரித்திருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

நான்காவது வரி வெறுமையாக இருக்கிறது. அங்கே என் பெயரை வைத்துப் பார்த்தேன்.

மார்ச்சு 13, வெள்ளி

மாத்திரை நாக்கைத் தடிக்கச் செய்கிறது. "எதிர்மனுதாரர்" என்ற சொல் வாயில் வர நேரமாகிறது. எனக்கா? எனக்கா இது?

மார்ச்சு 16, திங்கள்

அக்கா தள்ளிக்கொண்டு போகாத குறை. துணை அலுவலகம் நூலகத்தின் பின்புறம், மிதிவண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டி உள்ளது. மூன்று நாற்காலி, ஒரு மேசை, உயரமான இரும்பு அலமாரி. அலுவலர் அம்மையார் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி மடலைப் படித்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"நல்லா தெளிவா எழுதியிருக்கார் டாக்டர். வாய்மொழித் தேர்வுல ஒரு நிமிசம் வரைக்கும் நிறுத்தம் இருந்தா குறி போடக் கூடாது. பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். ரெண்டும் வாங்கிடலாம். இருபத்தேழாம் தேதி கடைசி. இங்க கையெழுத்து."

"பெயர்...?"

"கதவுல வரும்மா. ஏழாம் நெறி." குரலில் குத்தல் இல்லை. "நான் எழுதலையே அத."

எழுதச் செய்தவளான நான் தலைகுனிந்திருந்தேன். இந்த ஆண்டு எத்தனை பேர் ஏற்பாடு கேட்டார்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ!

அவர் அலமாரியின் ஓர் அடுக்கைக் காட்டினார். "போன வருசம் உங்க துறையில மட்டும் பதினேழு பேர். நெறி வந்த ரெண்டே வாரத்துல பதினாலு பேர் வந்து லெட்டரத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நோய் ஒண்ணும் போகல. லெட்டர் மட்டும் போயிடுச்சு. ஒரு பொண்ணு, காது சரியா கேக்காது, முன்வரிசை இடம் கேட்டிருந்தா. இப்ப எங்க உக்காருதுன்னே தெரியல."

எனக்குத் தெரியும். கடைசி வரிசை. ஏதேனும் கேட்டால் திருதிருவென விழிப்பாள். அகந்தைக்காரி என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்திடவில்லை. மடலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினைந்தாவது ஆள் நான்.

மார்ச்சு 17, செவ்வாய்

அக்கா இரண்டு சொற்றொடர்தான் பேசினாள். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க. உனக்கு வந்தும் தெரியலன்னா நான் என்ன மாத்திரைடி குடுக்கறது?"

மார்ச்சு 20, வெள்ளி

வகுப்பில் ஒரு தீர்ப்பை எழுந்து நின்று படிக்கச் சொன்னார் ஒப்பந்தச் சட்ட விரிவுரையாளர். இரண்டாம் பத்தி. இரப்பர் நாற்றம்.

மீண்டபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் சொன்னதன் வால் மட்டும் காதில் விழுந்தது: "...ஒலிபெருக்கிக்கே கரண்டு போச்சா?" நல்ல மனிதர். கிண்டலில் நஞ்சு கிடையாது. நானும் சிரித்து, "மன்னியுங்கள் ஐயா, தொண்டை" என்றேன். அமர்ந்ததும் நூலைத் தலைகீழாகப் பிடித்திருப்பது தெரிந்தது.

ஒன்று மட்டும் அறிய விழைகிறேன். அந்நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும்? வாய் திறந்திருக்குமா? எச்சில்? ஆயிரம் பேர் பார்த்த முகம் எனக்குத் தெரியாத ஒரு முகமாக அங்கே நின்றிருக்கிறது. அக்காவிடம் கேட்க நா எழவில்லை.

'உத்தரவு' ஐந்து நாளாக வகுப்புக்கு வரவில்லை.

மார்ச்சு 23, திங்கள்

அவனைத் தேடிப் போனேன். ஏன் போனேன்? மன்னிப்புக் கேட்கவா? இல்லை, பொய் எழுதக் கூடாது. பெயர் கதவில் ஏறினால் ஒருவருக்கு என்ன ஆகும் என்று அறியப் போனேன். அஞ்சுகிறவளின் தன்னலம்.

கழிப்பறைக்கு அருகே, மாடிப்படியின் கீழ் இருக்கும் சிறு தேநீர்க்கடையில் இருந்தான். நூல்கள் விரித்திருந்தன, தானே படித்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்தே விட்டான், தலைமையாசிரியரைக் கண்ட பிள்ளைபோல.

"உட்காருங்க. நான் கூட்டத்துக்குக் கூப்பிட வரல" என்றேன். என் எழுத்துத்தமிழ் எங்கோ போயிற்று.

தேநீர் வாங்கினேன். அவனுக்கும் சேர்த்து. அவன் தொடவில்லை.

"கிளாஸ் இருக்கற நாள்ல காலைல தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்க. குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா கத்துவாங்க. அப்படியே பழகிட்டேன். போன வாரம் படியில மயக்கம் போட்டு விழுந்துட்டேன். குடல்ல புண்ணு, தண்ணி குடிக்காம இருக்கவே கூடாதாம். இனிமே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். வெளியேறும் படிவம் வாங்கிட்டேன். மூணாம் தேதி அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டா ஹாஜர் கணக்குல பிரச்சனை வராது. வேற எங்கயாவது, அஞ்சல் வழியா..."

"என்மேல கோவம் இல்லையா?"

"ஏங்க, நீங்க அன்னிக்குப் பேசினது நல்லா இருந்துச்சு. அது என் பேரா இல்லாம இருந்திருந்தா நானே கை தட்டியிருப்பேன்."

இதற்கு மறுமொழி சொல்ல வாய் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது இன்னமும் தெரியாது. ஏனெனில் அடுத்து நான் கண்டபோது, என் கையிலிருந்த சூடான குவளை அவன் கையில் இருந்தது. துளி சிந்தவில்லை. மேசையில் இருந்த என் நூல்களைத் தள்ளி வைத்திருந்தான். என் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தியிருந்தான், நான் சாய்ந்தால் தாங்கும்படி. கடையில் வேறெவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் எனக்கும் கடைக்கும் நடுவே, மறைத்தாற்போல் நின்றுகொண்டிருந்தான்.

"பதினாறு எண்ணினேன்" என்றான் மெல்ல. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. பயப்படாதீங்க."

நான் அழுதேன். தேநீர்க்கடையில், பட்டப்பகலில்.

மார்ச்சு 24, செவ்வாய்

நான் அவன் பெயரைக் கதவில் ஒட்டினேன். அவன் என்னை மறைத்துக்கொண்டு நின்றான்.

மார்ச்சு 25, புதன்

பேரவை ஒழுங்குமுறையை எடுத்துப் படித்தேன். நிறைவேறிய நெறியை ஓராண்டு முடியுமுன் மீண்டும் அவையில் எடுக்கலாகாது. அதனைக் கொண்டுவந்த உறுப்பினரே கோரினாலன்றி.

அதாவது நான் ஒருத்தி. செப்தம்பர்வரை, இந்தப் பல்கலைக்கழகத்தில், நான் ஒருத்தி மட்டும்.

கோரினால், ஏன் என்று கேட்பார்கள். 'தனக்கு வந்ததும் தாளைக் கிழிக்கிறாள்' என்பார்கள். பொய்யென்று எப்படிச் சொல்வேன்? மெய்தானே! மேடையில் நிற்கும்போது வந்துவிட்டால்? இருநூறு பேர் முன்னால் அந்த முகம். எனக்கே தெரியாத அந்த முகம்.

பயமா இருக்கு. எழுத்துத்தமிழ்ல எழுதினா கம்மியாகும்னு பாத்தேன். ஆகல.

மார்ச்சு 27, வெள்ளி

மாலை நான்கு நாற்பதுக்குக் கையெழுத்திட்டேன். ஏற்பாட்டுப் படிவத்தில் ஒன்று, ஏழாம் நெறியின் மீளாய்வுக் கோரிக்கையில் ஒன்று. அலுவலர் அம்மையார் முத்திரையைக் குத்திவிட்டு, "திங்கக்கிழமை காலைல கதவுல வந்துடும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன். மேசையிழுப்பறையிலிருந்து இரண்டு ரொட்டித்துண்டு எடுத்துத் தந்தார். நின்றபடியே தின்றேன்.

மார்ச்சு 30, திங்கள்

நான்காம் வரி. என் பெயர். "பேச்சில் ஒரு மணித்துளிவரை நிறுத்தம் பொறுக்கப்படும். உடன் ஒருவர் இருக்க இசைவு."

கதவருகே ஏழெட்டுப் பேர். நான் வந்ததும் பேச்சு நின்றது. யாரோ, "ஒலிபெருக்கியே லிஸ்ட்ல இருக்கு, டேய்!" அடுத்தவன், "அப்ப அந்த நிறுத்தமெல்லாம்...?" அவன் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் தாழ்வில்லை. கண்கள்தான் தாங்கவில்லை. என் வாயையே பார்க்கிறார்கள், எப்போது நிற்கும் என்று.

செயலர் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"எங்கிட்ட கூடச் சொல்லலையே! மூணு வருசமா உன் கூட ஓடுறேன். நான் என்ன எதிரியா?"

"சொன்னால் என்ன செய்திருப்பாய்?"

"உன்ன மேடை ஏத்தியிருக்க மாட்டேன்!"

"அதனால்தான் சொல்லவில்லை."

அவன் முகம் சுருங்கிற்று. "புதன்கிழமை பேரவைக் கூட்டத்துல நீ பேசாத. உன் உரைய நான் படிச்சுடறேன். நடுவுல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா... எனக்குக் கை கால் ஓடாது." அவனும் அஞ்சுகிறான். மூன்றாண்டுத் தோழமையில் அவன் அச்சத்தை முதன்முறை கண்டேன். ஆயினும் உரையை அவனிடம் தரவில்லை.

ஏப்பிரல் 1, புதன்

பேசினேன்.

அப்பா கூடத்தின் பின்சுவரோரம் நின்றார், வேலை உடுப்போடு. அக்கா மேடைப்படியின் கீழே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயும் ஓடத் தயாராக. ஒலிவாங்கியின் தண்டைப் பற்றிக்கொண்டேன்.

அடுக்குமொழி ஒன்றும் வரவில்லை. எழுதிவைத்திருந்தேன், பார்க்கவில்லை. "பதினேழு பேர் இருந்தார்கள். மூவர் ஆனார்கள். நான் அவர்களைத் துரத்தினேன். பொய்யர் ஒருவரையும் பிடிக்கவில்லை. நோயாளிகளைப் பிடித்தேன்" என்றேன். அடுத்து, "இவர்களுக்கு நாம் தர வேண்டியது" என்று தொடங்கினேன். இரப்பர்.

மீண்டபோது அக்கா மேடைமேல், என் இடப்புறம், என் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செயலர் நாற்காலியை விட்டு எழுந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றான்.

"எத்தனை நொடி?" என்று ஒலிவாங்கியில் கேட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். உரத்த குரல். "இருபது!" தேநீர்க்கடையில் பதினாறு எண்ணியவன்தான். அவன் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டதில்லை.

"சென்ற மாதம் இதே மேடையில் பதினொரு நொடி நின்றேன். அன்று கைதட்டினீர்கள். கதவில் தாள் ஒட்டிய பின் இன்று என்னைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். நான் அதே ஆள்தான்." அவ்வளவே. இறங்கிவிட்டேன்.

வாக்கெடுப்புக்கு முன் செயலர் எழுந்தான். நான் சொல்லிக்கொடுத்த பாணி அது, ஒரு சொல்லும் தவறவில்லை. "ஒருவர் கண்ணீரைக் கண்டு நெறியை மாற்றினால், நாளை ஒவ்வொருவர் கண்ணீருக்கும் ஒரு நெறி வேண்டும். ஒரு குழு ஆராயட்டும்." குழுவுக்கு அனுப்ப நூற்றுப் பதினெட்டு. உடனே நீக்க எண்பத்து மூன்று. குழு சூன் மாதம் கூடும்.

சென்ற முறை ஒன்பது. இம்முறை எண்பத்து மூன்று. எண்ணிக்கை எனக்கு ஆறுதல் தரவில்லை. சூனில் யார் இருப்பார்கள் ஆய்வதற்கு?

ஏப்பிரல் 2, வியாழன்

அப்பா மட்டும் ஒன்று கேட்டார். "பேச்சு நிக்கறப்ப வலிக்குதாடா?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார். திரும்பிக்கொண்டு நெடுநேரம் திருப்புளியைத் துடைத்தார்.

ஏப்பிரல் 3, வெள்ளி

முற்பகல் பதினொன்றரை. துறைத்தலைவர் அறைக்கு எதிரே, மரவிசிப்பலகையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். கோடுகள் வளைகின்றன, வளையட்டும்.

காலை வகுப்புக்கு அவன் வந்தான். கடைசி நாள், முகங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். வெளியேறும் படிவம் பையில். பாடத்தின் நடுவே எழுந்தான். பின்வரிசையில் ஒருவன், "உத்தர..." என்று தொடங்கினான். தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். எவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. விரிவுரையாளர் பலகையில் எழுதுவதை நிறுத்தவில்லை. அவன் போனான், வந்தான், அமர்ந்தான். கதவில் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

பேரவை சூனுக்குத் தள்ளிவிட்டது. ஆனால் குழு கூடும்வரை எந்நெறியையும் நிறுத்திவைக்கத் துறைத்தலைவருக்கு உரிமை உண்டு, அதையும் படித்துவிட்டேன். செயலர் கையொப்பம் திரட்டித் தருகிறேன் என்றான்; அவனுக்கு நேற்றிரவு உறக்கமில்லையாம். வேண்டாமென்றேன். கையொப்பம் கேட்டால் அந்தப் பதினான்கு பேரும் மீண்டும் தம் பெயரை ஒரு தாளில் எழுத வேண்டும். அதை நான் இனி எவரிடமும் கேட்க மாட்டேன். துறைத்தலைவருக்கு எழுதிய மடலில் ஒரே பெயர், என்னுடையது. அது ஏற்கெனவே கதவில் இருக்கிறது.

உதவியாளர் வந்து, "அய்யா இப்ப கூப்பிடுவாரு. என்னம்மா, ரொம்ப நேரமா எழுதிட்டே இருக்கீங்க, தண்ணி வேணுமா?" என்றார். கதவுத் தாளை எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "ஓரத்துல நகத்த விட்டு இழுத்தா முடிஞ்சது" என்றார்.

உள்ளே போய் நான் படிக்கப் போவது இது. நடுவில் நின்றுவிட்டால், அவர் காத்திருக்கட்டும்.

துறைத்தலைவர் அவர்களே, ஏழாம் நெறியைக் கொண்டுவந்தவள் நான். அது தவறு. அதனால் ஒரு மாணவர் தண்ணீர் குடிக்காமல் படியில் விழுந்தார். அதனால் காது கேளாத ஒருவர் கடைசி வரிசையில் இருக்கிறார். அதனால் இன்று மாலை ஐந்து மணிக்கு ஒருவர் இப்பல்கலைக்கழகத்தை விட்டே போக இருக்கிறார். சூனில் கூடும் குழு அவரைத் திரும்ப அழைத்துவராது. உங்கள் மேசையில் எழுதுகோல் இருக்கிறது. நெறியை நிறுத்திவைத்து இப்போதே கையொப்பமிடுங்கள். எல்லா வகுப்புகளின் கதவிலிருந்தும் அந்தத் தாள்களை இன்றே எடுங்கள். ஐந்து மணிக்கு முன் எடுங்கள்.